ரொட்டிக்காரர் பேரில் ஓர் அர்ச்சனை

1

மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் நலம். நம் ஊர்க் கோவில் கும்பாபிஷேக மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லி கமிட்டியார் கேட்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மலேசியாவுக்கு வந்து பால்மரம், அதுதான் ரப்பர் மரம், சீவிய கை இது. பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூரின் கட்டடங்களையும் பத்துமலையையும் பற்றி வந்து பார்த்துப் போனவர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் எழுதப்போவது ஒரு தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றி. கோவில் மலரில் நாடகமா என்று முகம் சுளிக்க வேண்டாம். இதில் கோவிலும் வரும்.

போன மாதம் சிரம்பானில் பூசைச் சாமான் வாங்கப் போயிருந்தேன். கற்பூரமும் திரியும் வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு சீனர் மின்சாரச் சாமான் கடை. வாசலில் வரிசையாகத் தொலைக்காட்சிப் பெட்டிகள். எல்லாப் பெட்டியிலும் ஒரே முகம். அகலமான நெற்றி, தூங்காத கண், புருவத்தில் மாவு.

"ரொட்டிக்காரர்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நடந்து போன ஒரு மலாய்ப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

கடைக்காரர் வெளியே வந்தார். இங்குள்ள சீனர்கள் நம் பெண்களை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். "ஆச்சி, மாவ் பெலி கா?" என்றார். வாங்கப் போகிறாயா என்று கேட்கிறார்.

"தெங்கோக் சாஜா, தவுக்கே," என்றேன். சும்மா பார்க்கிறேன் முதலாளி.

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த நாடகத்தில் ஒவ்வொரு வாரமும் எனக்கு மனப்பாடம். ஆனால் பெட்டியில் ஓடிய காட்சியை நான் பார்த்ததே இல்லை. அப்படியென்றால் இது அந்தக் கடைசி வாரம். பல வருஷங்களுக்கு முன்னால் எங்களுக்குக் கிடைக்காமல் போன கடைசி வாரம், இப்போது மறுபடியும் போடுகிறார்கள்.

கற்பூரப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ஏன் அப்படி நின்றேன் என்று சொல்ல, முதலிலிருந்து வர வேண்டும்.

2

சிரம்பானிலிருந்து கோலா பிலாவுக்குப் போகும் வளைவுப் பாதையைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கி, அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில்தான் விளக்கேற்றினேன். என் வீட்டுக்காரரும் மரம் சீவினார். நெஞ்சுவலி என்று ஒரு நாள் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது என் மகள் வசந்தி இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் போன துக்கம் ஆறுவதற்குள் இன்னொரு செய்தி வந்தது. தோட்டம் கைமாறப்போகிறது, மரங்களை வெட்டி நிலத்தைத் துண்டு போடப்போகிறார்கள், லயத்தை இடிப்பார்கள். எல்லாரும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிரம்பானுக்குப் பக்கத்தில் ஏழைகளுக்காக அரசாங்கம் கட்டிய மலிவு வீடுகள் இருந்தன. அதற்கு மனுப் போட நீல அடையாள அட்டை வேண்டும். நீலம் குடிமக்களுக்கு. என்னிடம் இருந்தது சிவப்பு. இங்கே தங்கலாம், உழைக்கலாம், ஆனால் இந்த நாட்டவள் இல்லை என்று அர்த்தம். வசந்தி இங்கே பிறந்தவள், அவளுக்கு நீல அட்டை உண்டு. ஆனால் வீட்டுக்கு மனுப் போடும் வயது இல்லை. ஆக, நான் நீல அட்டை வாங்கினால்தான் எங்கள் இரண்டு பேருக்கும் கூரை.

அதற்கு ஓர் அதிகாரி முன்னால் உட்கார்ந்து மலாய் மொழியில் பதில் சொல்ல வேண்டும். வசந்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தங்கமான மனிதர் அந்த அதிகாரி. உட்காரச் சொன்னார். மெதுவாகக் கேட்டார்.

"மக்சிக் இந்த நாட்டுக்கு வந்து எவ்வளவு காலம் ஆகிறது?" மக்சிக் என்றால் அத்தை, சின்னம்மா என்று கூப்பிடுவது போல.

"யா, துவான்," என்றேன். ஆமாம் ஐயா.

அவர் சிரித்தார். "திரும்ப இந்தியாவுக்கே போய்விடும் எண்ணம் உண்டா?"

"யா, துவான்."

"நான் கேட்பது விளங்குகிறதா?"

"யா, துவான்."

"விளங்கவில்லையா?"

"யா, துவான்."

பேனாவை மூடி வைத்தார். மலாய் படித்துக்கொண்டு இன்னொரு தடவை வாருங்கள், கூப்பிட்டு அனுப்புவோம் என்றார். அதற்கும் நான் யா துவான் என்றேன். அந்த ஒன்றுதான் பொருத்தமான பதில்.

திரும்பும் பஸ்ஸில் வசந்தி என் பக்கம் திரும்பவே இல்லை. வளைவுப் பாதையில் பஸ் ஏறும்போது கேட்டாள்.

"அம்மா, அவரு கேட்டது ஒனக்குப் புரிஞ்சிச்சா இல்லியா?"

"புரிஞ்சிச்சு."

"அப்புறம் ஏம்மா?"

"நாக்காலில உக்காந்திருக்கிறவங்கள பாத்து இல்லன்னு எப்படிடி சொல்றது?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஆனால் நான் சொன்னது நிஜம். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்போம். பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். மரத்தைக் காயப்படுத்திட்டியா என்று கேட்டாலும் ஆமாங்கையா. நேற்று நீ வேலைக்கு வரவில்லையே என்றாலும் ஆமாங்கையா, வந்திருந்தாலும் கூட. அது எங்களுக்குப் பேச்சே இல்லை. கும்பிடு மாதிரி. கை தானாகக் குவிவதுபோல வாய் தானாகச் சொல்லும்.

3

எங்கள் தோட்டத்து மண்டபத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழ்ப் படம் போட்டால் அதற்காக ஜெனரேட்டரை ஓடவிடுவார்கள். படம் முடிந்ததும் எல்லாரும் எழுந்து, பாயை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்த நேரத்தில் பேய்மழை. போக வழியில்லை. அடுத்து ஏதோ இங்கிலீஷ் நாடகம் ஆரம்பித்தது. கீழே மலாயில் எழுத்து ஓடியது. அப்படித்தான் ரொட்டிக்காரர் எங்களிடம் வந்தார்.

பனி கொட்டுகிற ஒரு ஊர். விடியாத நேரம். ஒருவர் மாவு பிசைகிறார். பிசைகிறார், பிசைகிறார், பிசைந்துகொண்டே இருக்கிறார். அடுப்பு மூட்டுகிறார். கடைக் கதவைத் திறக்கிறார். எதிரே ஒரு ராணுவ அலுவலகம். அங்கிருந்து இருமிக்கொண்டே ஓர் அதிகாரி வந்து ரொட்டி வாங்கிப் போகிறார். அவ்வளவுதான் முதல் வாரம்.

"இது என்னாடி படம்?" என்றார் ராசம்மாக்கா. பக்கத்து வீட்டுக்காரர், என்னைவிட மூத்தவர், வாயில் வெற்றிலை இல்லாமல் நான் பார்த்ததில்லை. "ஒரு பாட்டு இல்ல, ஒரு சண்ட இல்ல. ரொட்டி சுடுறதப் பாக்கவா உக்காந்திருக்கோம்? மோட்டார்ல ரொட்டி விக்க வர்ற நம்ம பாய்கிட்ட கேட்டா அவரு சுட்டுக் காட்ட மாட்டாரு?"

"பெரியம்மா, அவரு ரொட்டிக்காரரு இல்ல," என்றாள் வசந்தி. "வேற நாட்டு சி.ஐ.டி. பொய்ப் பேர்ல வந்து கட போட்டிருக்காரு. அந்த ஆபீஸ்ல நடக்கிறத வேவு பாக்கத்தான் வந்திருக்காரு."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"கீழ எழுத்து ஓடுதுலா."

ராசம்மாக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "அப்ப இரு, பாப்போம்."

மழை விட்டது யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் சிலர் உட்கார்ந்துவிடுவோம். வசந்தி முன்னால் உட்கார்ந்து மலாய் எழுத்தை விரலால் காட்டி வாசித்துத் தமிழில் சொல்லுவாள். பள்ளிக்கூடத்து மலாயும் சினேகிதிகளின் இங்கிலீஷும் அவள் வாயில் ஏற ஏற, என்னிடம் தமிழ் பேசுவது குறைந்துகொண்டே வந்த காலம் அது. சாப்பிட்டியா, துணி காய்ஞ்சிடுச்சா, இவ்வளவுதான் எங்கள் பேச்சு. அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவள் நிறுத்தாமல் தமிழ் பேசினாள். நாடகத்துக்கு நான் கடன்பட்டதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாடகத்தில் ஒரே ஒரு துப்பாக்கி உண்டு. ரொட்டிக்காரரின் மேசை இழுப்பறையில், மாவுத் துணிக்கு அடியில். ராசம்மாக்கா ஒவ்வொரு வாரமும் கேட்பார்: "இன்னிக்காச்சும் அத எடுப்பானா?"

"எங்க எடுக்கிறாரு? ரொட்டியத்தான் எடுக்கிறாரு," என்பாள் வசந்தி.

அதிகாரி இருமலோடு வருவார். ரொட்டிக்காரர் வெந்நீர் கொடுப்பார். இரண்டு பேரும் குளிரைப் பற்றிப் பேசுவார்கள், வெண்ணெய் விலையைப் பற்றிப் பேசுவார்கள். இவர்தான் ஒற்றர் என்று அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டதா இல்லையா என்று நமக்குத் தெரியாது. சந்தேகம் வந்தது இவருக்குத் தெரியுமா என்பதும் தெரியாது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதில் பகையும் இருக்கும், பிரியமும் இருக்கும். ஒரு கோப்பையைக் கீழே வைக்கிற சத்தத்துக்கு ராசம்மாக்கா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிடுவார்.

மெதுவாகப் போகிறது என்று டவுன்காரர்கள் குறை சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எங்களுக்கு அப்படித் தோன்றவே இல்லை. மரத்தைச் சீவிவிட்டு, பால் சொட்டுச் சொட்டாக இறங்கி, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணம் நிறைகிற வரைக்கும் காத்திருப்பவர்கள் நாங்கள். அவசரப்பட்டால் மரம் கூடுதலாகவா கொடுத்துவிடும்? அந்த நாடகமும் அப்படித்தான் சொட்டியது. நாங்கள் மங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஒரு வாரம் மறக்கவே முடியாது. அவருடைய சொந்த நாட்டில் அன்றைக்கு ஏதோ திருநாள். கடையைச் சீக்கிரம் அடைக்கிறார். திரையை இழுத்துவிடுகிறார். கொஞ்சம் மாவில் தேன் விட்டு, தன் நாட்டுப் பலகாரம் ஒன்றை, உள்ளங்கை அளவுக்குச் சுடுகிறார். கதவில் சாய்ந்து நின்றபடியே தின்கிறார். பிறகு தரையில் விழுந்த துணுக்குகளைக்கூட விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மேசையைத் துடைத்து, திரையைத் திறந்துவிடுகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. வசந்திக்கு வாசிக்க ஒன்றும் இல்லை.

ராசம்மாக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "பாவி மவன். தீவாளிய ஒளிஞ்சி கொண்டாடுறான்டி."

நம் ஊர்த் திருவிழா நாட்களில் நான் இங்கே மரம் சீவிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்நேரம் தேர் முச்சந்திக்கு வந்திருக்கும் என்று மர வரிசைக்குள் நடந்துகொண்டே மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்கு மட்டும்தான் இந்தப் பைத்தியம் என்று நினைத்திருந்தேன். எங்கேயோ பனியில் ஒரு வெள்ளைக்காரருக்கும் அப்படித்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. நடிப்புதான், நிஜம் இல்லை. ஆனால் எழுதியவர் யாரோ, அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்.

4

அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குத் தேங்காய் பழத்தோடு போனேன். எங்கள் பூசாரி காலையில் மரம் சீவுவார், சாயங்காலம் குளித்துவிட்டு மணி ஆட்டுவார்.

"யார் பேர்ல, தங்கச்சி?"

"ரெண்டு அர்ச்சன, பூசாரி அண்ணே. ஒன்னு எம் பேர்ல. பாக்கியம், அனுஷ நட்சத்திரம். கார்டு கெடைக்கணும்."

"சரி. இன்னொன்னு?"

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "ரொட்டிக்காரர் பேர்ல."

மோட்டாரில் ரொட்டி விற்கும் பாயைத்தான் சொல்கிறேன் என்று அவர் நினைக்கவில்லை. அவரும் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் தூணோரமாக உட்காருகிறவர்தான். தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அவருக்கு ரெண்டு பேராச்சே. கடையில போட்டிருக்கிறது பொய்ப் பேரு. உண்மப் பேரு என்னான்னு இன்னும் சொல்லல. பொய்ப் பேர்ல பண்ணா ஆத்தாளுக்கு எப்படிப் போய்ச் சேரும்?"

"அதான் எனக்கும் தெரியல."

"நட்சத்திரம்?"

"அது எப்படிண்ணே தெரியும்?"

பின்னால் நின்ற ராசம்மாக்கா பொறுக்கவில்லை. "ஏன்யா, நீ என்னா கார்டு ஆபீஸா? சட்டுனு ஒடையேன். தெரு முழுக்க நிக்கிறோம்."

பூசாரி சிரித்துவிட்டார். "சரி, ரொட்டிக்காரர்னே சொல்றேன். ஆத்தா கண்ணுக்குத் தப்பின சி.ஐ.டி. யாரு இருக்கா? அவளே கண்டுபிடிச்சுக்குவா."

தேங்காய் சமமாக உடைந்தது. கற்பூரத்தை ஒற்றிக்கொண்டேன். இல்லாத ஒருவருக்கு அர்ச்சனை செய்தது தப்பா சரியா என்று படித்தவர்கள் சொல்லட்டும். தனியாக நின்று தின்கிறவரைப் பார்த்த பிறகு, என் பேருக்கு மட்டும் தேங்காய் உடைத்துக்கொண்டு வர எனக்கு மனசு வரவில்லை.

5

மறு விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. வசந்தி வீட்டில் ஒத்திகை வைத்தாள். இருந்த ஒரே நாற்காலியில் அவள் அதிகாரியாக உட்காருவாள். நான் முக்காலியில். ராசம்மாக்கா வேடிக்கை பார்க்க நிலைப்படியில்.

மலாயில் கேட்பாள்: "மக்சிக் பேர் என்ன?" சொல்லிவிடுவேன். "நாட்டின் தலைநகரம் எது?" சொல்லிவிடுவேன். எனக்கு மலாய் தெரியாமல் இல்லை. பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்துவாள். "மக்சிக் திருடியா?"

"யா, துவான்."

"ஏடி, ஒத்துக்கிட்டா!" என்று ராசம்மாக்கா தொடையைத் தட்டுவார். "புடிச்சி உள்ள போடு!"

"மக்சிக் ஆம்பளையா?"

"யா, து..." வாயைப் பொத்திக்கொள்வேன். மூன்று பேரும் சிரிப்போம். சிரித்து முடித்ததும் வசந்தியின் முகம் வாடிவிடும். "அம்மா, வெளையாட்டு இல்லம்மா. நமக்கு வேற எடம் இல்ல."

அந்த வாரம் நாடகத்தில், கடைசிக்கு முந்தின பாகம். இருமுகிற அதிகாரி ரொட்டிக்காரரைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்புகிறார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். நடுவில் இவர் கொண்டுவந்த ரொட்டி. முழு ஒரு மணி நேரமும் அந்த அறையை விட்டு நாங்கள் வெளியே வரவில்லை.

அதிகாரி கேட்கிறார். ரொட்டிக்காரர் உடனே பதில் சொல்வதில்லை. இரண்டு கையையும் தொடைமேல், பிசைந்து வைத்த மாவைப்போல ஆடாமல் வைத்திருக்கிறார். கேள்வி முழுக்க வந்து சேரும்வரை விடுகிறார். அதன் பிறகு எச்சிலை விழுங்குகிறார். அதன் பிறகுதான் வாயைத் திறக்கிறார். அதிகாரியின் கண்ணைப் பார்த்துச் சொல்கிறார்.

எனக்கு அப்போது ஒன்று உறைத்தது. அந்த மனிதர் சொல்வதெல்லாம் பொய், அவர் நடுங்கவில்லை. நான் சொல்ல வேண்டியதெல்லாம் உண்மை, நான் நடுங்குகிறேன். அப்படியானால் நடுக்கத்துக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது பழக்கம். பெரட்டுக் களத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதைத் துடைத்துவிடலாம்.

அதிகாரி குனிந்து, மெல்லக் கேட்டார். அவர் எதையோ கேட்கிறார், பெரிய கேள்வி என்று எல்லாருக்கும் தெரிந்தது. ரொட்டிக்காரர் விழுங்கினார். ஒரே ஒரு சொல் சொன்னார். கீழே ஒரே ஒரு சொல் ஓடியது. வசந்தி வாசிப்பதற்குள் நான் கத்திவிட்டேன்.

"தீடாக்!"

இல்லை என்று அர்த்தம். மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. வாரா வாரம் வசந்தியின் விரல் போன இடத்தையே பார்த்துப் பார்த்து அந்த எழுத்து எனக்குள் இறங்கியிருந்திருக்கிறது. பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவ சொல்லும்மா."

"தீடாக்."

"நாக்காலில இருக்கிறவர பாத்து."

மண்டபத்து மூலையில் காலி நாற்காலி ஒன்று கிடந்தது. அதைப் பார்த்து, "தீடாக், துவான்," என்றேன். பூசாரி கை தட்டினார்.

விசாரணை நாளன்று அதே அதிகாரி. அதே அறை. நான் உட்கார்ந்தேன். கைகளைத் தொடைமேல் வைத்தேன். மாரியம்மனை நினைத்தேன், பக்கத்திலேயே ரொட்டிக்காரரும் வந்து நின்றார். பேர், ஊர், வேலை, நாட்டுக் கோட்பாடுகள் எல்லாம் கேட்டார். கேள்வி வந்து சேரும்வரை விட்டு, விழுங்கி, சொன்னேன். அவருக்கே ஆச்சரியம். கடைசியில் அந்தக் கேள்வி.

"திரும்ப இந்தியாவுக்கே போய்விடும் எண்ணம் உண்டா, மக்சிக்?"

வாய்க்குள் யா வந்து நின்றது. நாக்கின் நுனியில் நின்றது. அதை விழுங்கினேன்.

"தீடாக், துவான்."

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு எழுதத் தொடங்கினார். "பாகூஸ், மக்சிக்," என்றார். நல்லது என்று.

வெளியே தூணருகே நின்ற வசந்தி ஓடி வந்தாள். "என்னாச்சும்மா?"

"இல்லன்னு சொல்லிட்டேன்."

அந்த இடத்திலேயே, இத்தனை பேர் போகிற வருகிற இடத்தில், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வளர்ந்த பிறகு அவள் அப்படிச் செய்தது அன்றைக்குத்தான்.

சந்தோஷம் பஸ் ஏறும்வரைதான். வளைவுப் பாதையில் பஸ் திரும்பியபோது, நான் எதற்கு இல்லை என்று சொன்னேன் என்பது நெஞ்சில் தைத்தது. அவர் கேட்டது ஊருக்குப் போவாயா என்று. உங்களிடம் வருவேனா என்று. நான் அதற்குத்தான் இத்தனை நாள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். மகள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், அதனால் அழவில்லை. பிறகும் அழ நேரம் வரவில்லை. நீல அட்டை வந்தது, வீடு வந்தது, மூட்டை கட்டுவதும் பிரிப்பதுமாகப் போய்விட்டது.

6

நாடகத்தின் கடைசி வாரம் எங்களுக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம், அந்த வாரத்தில்தான் புது முதலாளியின் ஆட்கள் வந்து ஜெனரேட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ராசம்மாக்கா விடவில்லை. "பஸ் ஏறுங்கடி!" என்று கோலா பிலா டவுனுக்கு இழுத்துப் போனார். காப்பிக் கடைப் பெட்டியில் பந்து விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைநிறைய ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். மாற்றச் சொல்லி யார் கேட்பது? ஆளுக்கொரு காப்பி குடித்துவிட்டு வந்தோம். ராசம்மாக்கா போன வருஷம் இறந்துபோனார். அவன் அந்தத் துப்பாக்கியை எடுத்தானா இல்லையா என்று சாகும்வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எடுக்கவில்லை, அக்கா. சிரம்பான் கடைவாசலில் நின்று நான் பார்த்துவிட்டேன்.

இருமுகிற அதிகாரிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் பிடித்துக்கொடுக்கவில்லை. இருமிக்கொண்டே கடைசி ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். ரொட்டிக்காரரின் சொந்த நாட்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லையில் கார் நிற்கிறது. சின்ன வயது ஆள் ஒருவர், இவருடைய சொந்தப் பாஷையில் பேசுகிறார். இவருக்கு அது ஒரு கணம் விளங்கவில்லை, முகத்தில் தெரிகிறது. உங்கள் வீடு அப்படியே இருக்கிறது, உங்கள் தங்கை காத்திருக்கிறாள், இனிமேல் உங்கள் சொந்தப் பேரோடு இருக்கலாம், வருகிறீர்களா என்று கேட்கிறார். மலாய் எழுத்து ஓடுகிறது. பக்கத்தில் வசந்தி இல்லை. நானே வாசித்தேன்.

ரொட்டிக்காரர் தன் கைகளைப் பார்த்தார். நக இடுக்கில் மாவு. கேள்வி முழுக்க வந்து சேரும்வரை விட்டார். விழுங்கினார். அந்த விழுங்கல் எனக்குத் தெரியும், ஒரு நாளைக்கு அதை நான் கடன் வாங்கியிருக்கிறேன்.

தீடாக் என்று எழுத்து ஓடியது.

அவ்வளவுதான். திரும்பி நடந்து, விடியாத நேரத்தில் கடையைத் திறந்து, அடுப்பை மூட்டினார். மாவு பிசைந்தார். அவருடைய உண்மைப் பேரை அந்த ஆளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்படியே முடிந்துவிட்டது.

பஸ்ஸில் அழாததை எல்லாம் அந்தக் கடைவாசலில் அழுதேன். கடைக்காரர் பதறி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். "அபா பாசால் நாங்கிஸ், ஆச்சி?" ஏன் அழுகிறாய் என்கிறார். பெட்டியைக் காட்டி, மலாயில் சொன்னேன்: "அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்." அவர் தலையாட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வசந்திக்குப் போன் போட்டேன். அவள் கோலாலம்பூரில் பேங்கில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகளோடு இங்கிலீஷில் பேசுகிறாள், என்னோடு பாதிக்குப் பாதி.

"எந்த ரொட்டிக்காரரும்மா? மோட்டார்ல வருவாரே, அந்த பாயா?"

"நாடகத்துல வருவாரேடி. நீதானே வாசிச்சுச் சொல்லுவ."

"மறந்துட்டேன்லா, அம்மா. எவ்வளவு வருஷம்." பிறகு தாழ்ந்த குரலில், "ஆனா நீ மண்டபத்துல காலி நாக்காலிய பாத்து தீடாக்னு சொன்னது ஞாபகம் இருக்கு," என்றாள். "ஆபீஸ்ல பெரியவங்க ஏதாச்சும் அநியாயமாக் கேட்டா, நான் அதத்தான் நெனச்சிக்குவேன்."

எனக்கு அது போதும்.

மலர் படிக்கும் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்த அறையில் நான் சொன்ன இல்லை, உங்களை வேண்டாம் என்று சொன்னது அல்ல. அடுப்பு மூட்டிய இடத்தில் நெருப்பு இருந்தது, அதை விட்டுவிட்டு வர முடியவில்லை. அதை எனக்கே விளங்கவைக்க ஒரு நாடகத்தின் கடைசி வாரம் வேண்டியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சிரம்பான் கோவிலுக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் இளம் குருக்கள், யார் பேரில் என்று கேட்டார்.

"ரொட்டிக்காரர்," என்றேன்.

அவர் ஒரு மாதிரி பார்த்தார். வரிசை நீளம், மேலே கேட்க அவருக்கு நேரமில்லை. "நட்சத்திரம்?"

கேள்வி வந்து சேரும்வரை விட்டேன்.

"அனுஷம்," என்று என் நட்சத்திரத்தையே சொன்னேன்.